விரதம் இருந்த விமானி பற்றிப் பெரியப்பாவுக்கு ஒரு தொழில்நுட்ப விளக்கம்

பெருமதிப்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகன், விமானப் பராமரிப்புப் பொறியாளன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. ஒலிபெருக்கி அத்தையிடம் தாங்கள் போனில் நெடுநேரம் பேசியதாகவும், மூச்சு வாங்க ஓரிடத்தில்கூட நிற்கவில்லை என்றும் அத்தையே சொன்னார். நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது. மகிழ்ச்சி.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. "பொண்ணு பயந்துட்டா, கம்பெனிக்காரன் இறக்கி விட்டுட்டான்" என்று தாங்கள் சொல்லிவருவது தவறு. அக்காவை யாரும் விமானத்திலிருந்து இறக்கவில்லை. அவளாக இறங்கினாள். லிஃப்ட் அறுந்து விழுவதற்கும், லிஃப்டை நிறுத்திவிட்டுப் படியில் இறங்கி வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் பரிசோதகராக இருந்த தங்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. போகட்டும். என் பிரச்சினை தாங்கள் சொல்வது அல்ல, அதை அப்பா நம்புவது. அண்ணன் ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்பாவுக்கு அதற்குமேல் கோர்ட்டே கிடையாது. கண்ணாடிக்கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தாரே, தோளில் நாலு கோடு போட்ட கேப்டன் சீருடையில் அக்காவின் படம், அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் "என்ன சார், சுவர் காலியா இருக்கு?" என்று கேட்டால் "ஆணி ஆடுது" என்கிறார். ஆணி ஆடவில்லை. நான் இழுத்துப் பார்த்தேன். அக்காவும் அந்தக் காலிச் சுவரைப் பார்த்தாள். அவள் சொல்லமாட்டாள் என்பதால்தான் நான் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அக்கா இத்தனை வருடமாக வலது பக்க இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்து, எல்லாத் தேர்வும் முடித்து, இடது பக்க இருக்கைக்கு, அதாவது கேப்டன் இருக்கைக்கு வந்தாள். கேப்டனாக முதல் பயணம் எந்த நாள், எந்த விமானம் என்பதை அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அப்பா தங்களிடம் மட்டும் சொன்னார். தாங்கள் அத்தையிடம் மட்டும் சொன்னீர்கள். அதோடு 'மட்டும்' தீர்ந்துபோய், பதினேழு பேர் அந்த விமானத்துக்கு டிக்கெட் எடுத்தீர்கள். அந்த ஊரில் நமக்குச் சொந்தம் கிடையாது, வேலை கிடையாது, தெரிந்த ஒரு நாய்கூடக் கிடையாது. விமானம் அங்கே போகிறது, அதனால் நீங்களும் போனீர்கள். இதுவரை நான் குறை சொல்லவில்லை. பாசம் என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் தாங்கள் அக்காவுக்குப் போன் செய்தீர்களே, அங்கேதான் கோளாறு ஆரம்பம். அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஸ்பீக்கரில் பேசியதால் நானும் கேட்டேன்.

"இந்தா பாரும்மா, நல்ல காரியம் நடக்கிற அன்னிக்கு வயித்தைக் காயப்போடணும். விடிஞ்சதுலேருந்து பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாது. விமானம் தரையைத் தொட்டப்புறம் சாப்பிட்டுக்கோ."

"பெரியப்பா, டூட்டி இருக்கு."

"டூட்டிக்காகத்தானேம்மா சொல்றேன். நான் விரதம் இருந்துக்கிட்டே இருபது மாடிக்கு மேல ஏறி லிஃப்ட் கயிறு பார்த்தவன். உடம்பு லேசானா மூளை கூர்மையாகும். விமானம்னா என்ன, கொஞ்சம் தூரம் போற லிஃப்ட்தானே."

"சரி பெரியப்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்தேன். "பெரியப்பா, பட்டினியோட ஓட்டக் கூடாதுன்னு எங்க கம்பெனி சுற்றறிக்கையிலேயே இருக்கு."

"நீ ஸ்பானர் புடிக்கிறவன், சும்மா இரு. பக்கத்து சீட்டுல இன்னொருத்தர் இருப்பாருல்ல, அவரு சாப்பிடுவாரா?"

"சாப்பிடுவார்."

"அப்புறம் என்னடா? ஒருத்தர் விரதம், ஒருத்தர் சாப்பாடு. கணக்கு சரியாத்தானே வருது."

வைத்துவிட்டீர்கள். என் பதிலைக் கேட்க ஆளில்லாததால் இங்கே எழுதுகிறேன். கணக்கு சரியாக வராது பெரியப்பா. விமானத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது ஒருவர் வேலையை இன்னொருவர் செய்வதற்கு அல்ல, ஒருவர் செய்யும் தப்பை இன்னொருவர் பிடிப்பதற்கு. பட்டினி கிடந்தால் கையில் பலம் போகும் என்று நினைக்கிறீர்கள். கை நன்றாகத்தான் இருக்கும். இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் முதலில் கழன்று போவது கவனம். எண்ணைப் பார்ப்பீர்கள், மனசில் நிற்காது. கேட்டதையே திரும்பக் கேட்பீர்கள். அதைவிடக் கெடுதல், இதெல்லாம் நடப்பது உங்களுக்கே தெரியாது. நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தோன்றும். இதற்கு மேல் விமானத்துக்குள் காற்று அப்படி ஒரு வறட்சி, சும்மா உட்கார்ந்திருந்தாலே தொண்டை காயும். அதில் பச்சைத்தண்ணிகூடக் கூடாது என்றால் தலைவலி இலவசம். உங்கள் லிஃப்ட் பாதியில் நின்றால் மணியை அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். எங்கள் லிஃப்டுக்கு நடுவில் மாடி கிடையாது. விரதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது அவரவர் மனசு. லீவு நாளில் இருக்கலாம், அல்லது முன்கூட்டியே சொல்லி டூட்டியை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் கம்பெனியில் விரதம் இருக்கும் விமானிகள் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

இனி அந்தக் காலை. விமானத்தைப் பார்த்து 'எல்லாம் சரி' என்று கொடுத்தவன் நான்தான். கையெழுத்து வாங்க விமானி அறைக்குள் போனேன். அக்கா இடது இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நானே அவளிடம் கையெழுத்து வாங்கப்போகிறேன் என்று எனக்கு ஒரு மிதப்பு, மறைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது. எரிபொருள் எவ்வளவு என்று கேட்டாள், சொன்னேன். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். ஜன்னல் வழியாக வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காதில் மாட்டிய ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, போனை எடுத்து அலுவலகத்துக்குச் சொன்னாள்: "இன்னிக்கு நான் ஃபிட் இல்லை. வேற கேப்டனை அனுப்புங்க." அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது. அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் தொழிலில் அவ்வளவு மரியாதை. துணை விமானிப் பையன்தான் பேய் அறைந்தவன் மாதிரி பார்த்தான். அக்கா பையையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு, நீங்கள் ஏறி வரும் படி இல்லாமல் மறுபக்கப் படியில் இறங்கிப் போனாள். என்னைத் தாண்டும்போது "அப்புறம் பேசலாம்டா" என்றாள். அப்புறம் நான் கேட்கவும் இல்லை. பிரிக்காத தட்டு, திரும்பக் கேட்ட கேள்வி. கோளாறு கண்டுபிடிப்பதுதான் என் வேலை, இதற்கு வாக்குமூலம் வேண்டாம்.

அதற்குப் பிறகு நடந்த கூத்து தங்களுக்குத் தெரியும், ஆனால் தங்களுக்குத் தெரிந்தபடி அது நடக்கவில்லை. மாற்றுக் கேப்டன் வந்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒலிபெருக்கியில் பேசினார். அவர் கையெழுத்துக்காக நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், அதனால் தாங்கள் பெல்ட்டைக் கழற்றி எழுந்து நின்றதை முழுதாகப் பார்த்தேன்.

"இது எங்க பொண்ணு குரல் இல்லையே."

பணிப்பெண் ஓடி வந்தாள். "சார், உட்காருங்க சார்."

"இவரு யாரும்மா?"

"கேப்டன் சார்."

"நாங்க டிக்கெட் எடுத்தது எங்க பொண்ணு ஓட்டுறதுக்கு. சரி, இவரு விரதமா?"

"தெரியாது சார்."

"போய்க் கேட்டுட்டு வா, நான் நிக்கிறேன்."

அவள் உண்மையாகவே போய்க் கேட்டாள். அவர் வாய் நிறைய ரொட்டியோடு "எதுக்கு?" என்றார். இதற்குள் சித்தி, அக்காவுக்கென்று வாங்கி வந்த பூங்கொத்தை, "கொண்டுவந்தாச்சு, யாருக்காவது குடுத்துத்தானே ஆகணும்" என்று அந்த மனுஷர் கையில் திணித்துவிட்டார். அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருட சர்வீஸில் அவருக்கு யாரும் பூக் கொடுத்ததில்லையாம். அத்தை அதையும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். அந்தக் கலாட்டாவில் ஒரே ஒருத்தர் மட்டும் தலை குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் தம்பி. கதவு மூட நேரமானதால் நான் இறங்கிவிட்டேன். அப்பா முகத்தைப் பார்த்தபடியே இறங்கினேன்.

பெரியப்பா, கோபம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் பெருமை. எங்கள் இடத்தில் நான் நிறையக் கேப்டன்களைப் பார்க்கிறேன். காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருகிறவர் உண்டு, வீட்டில் சண்டை போட்டுவிட்டுத் தூங்காமல் வருகிறவர் உண்டு. இருக்கையில் உட்கார எல்லோருக்கும் ஆசை. இத்தனை வருடம் காத்திருந்த இருக்கையிலிருந்து, முதல் நாளே, சொந்தபந்தம் மொத்தமும் பின்னால் உட்காரப்போகிறது என்று தெரிந்தும், "இன்னிக்கு நான் சரியில்லை" என்று சொல்லி எழுந்து போக எத்தனை பேரால் முடியும்? என் அக்காவால் முடிந்தது. அவள் ஓட்டும் விமானத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன், அவள் ஓட்டாமல் எழுந்து போன அந்த ஒரு நாளுக்காக. இன்னொன்று, தாங்கள் அந்த விரதத்தில் வேண்டியது என்ன? விமானம் பத்திரமாக இறங்க வேண்டும் என்பதுதானே. இறங்கியது. விரதம் பலித்துவிட்டது. ஏன் அழுகிறீர்கள்?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கடைக்கு வர வேண்டும். அப்பாவிடம், தாங்கள்தான் அவளைப் பட்டினி போட்டீர்கள் என்பதையும், அவள் தானாகத்தான் இறங்கினாள் என்பதையும் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார், நான் ஸ்பானர் பிடிக்கிறவன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம், மூட்டுவலி மாத்திரையை அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று சொல்லவும். அத்தைக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டாம், தானே தெரிந்துவிடும். தங்கள் ஆசியை என்றும் வேண்டும், கோபத்திலும் மரியாதை குறையாத,

தம்பி மகன்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு அக்கா டூட்டி முடிந்து வந்தாள், பிரித்துப் படித்தாள். படித்துவிட்டுச் சோபாவில் விழுந்து சிரித்தாள்.

"யாருடா விரதம் இருந்தது? நான் 'சரி'ன்னுதான் சொன்னேன், இருக்கேன்னு சொன்னேனா? காலையில வீட்டுலயே மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டுத்தான் போனேன். அப்புறம் அந்தத் தட்டை எங்க பிரிக்கிறது?"

"அப்ப ஏன் இறங்கினே?"

"ஜன்னல் வழியாப் பார்த்தேன்டா. பெரியப்பா சக்கரத்தைக் காலால உதைச்சுப் பார்த்துட்டிருக்காரு, செக்யூரிட்டி அவரைத் துரத்துறான். மத்தவங்க எல்லாம் வரிசையா நின்னு என்னைப் பார்த்துக் கையை ஆட்டுறாங்க. எரிபொருள் கணக்கைப் பார்த்தா அதுல அத்தை மூஞ்சி தெரியுது. இந்த நிலையில ஓட்டக் கூடாது. அதுக்கும் பேரு அன்ஃபிட்தான்."

ஆகவே, விரதம் பற்றி மேலே நான் எழுதிய மருத்துவம் அத்தனையும் சரி, ஆனால் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. குற்றவாளி மட்டும் மாறவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். தாங்கள் எல்லோரும் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தீர்களே, அந்த விமானத்தில் பேசியது துணை விமானி. ஓட்டிய கேப்டன் வாயே திறக்கவில்லை. இறங்கும்போது தாங்கள் கதவருகே பணிப்பெண்ணை நிறுத்தி, "அந்தக் கேப்டன்கிட்டச் சொல்லும்மா, நல்ல லிஃப்ட் மாடியில வந்து நிக்கிற மாதிரி இறக்கினாரு. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, வந்து கத்துக்கட்டும்" என்றீர்களாம். விமானி அறைக் கதவுக்கு அந்தப் பக்கம், இடது இருக்கையில் உட்கார்ந்து அக்கா அதைக் கேட்டாளாம். அவள் வாயைத் திறந்து உங்களிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் அடுத்த விமானத்துக்கும் பதினேழு டிக்கெட் எடுப்பீர்கள் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவிடம் வேறெதுவும் சொல்ல வேண்டாம். கதவருகே நின்று சொன்னதையே, யாரைப் பற்றிச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து, இன்னொரு முறை சொன்னால் போதும்.