வைர மோதிரமும் நல்லி எலும்பும்

வயிற்றெரிச்சலில் வைரம் விளையுமென்றால், நான் இந்நேரம் திண்டுக்கல்லையே விலைக்கு வாங்கியிருப்பேன். அம்புட்டுப் பொறாமை, ஒரே ஒரு மோதிரத்தின் மேல்.

என் கொழுந்தியாளைப் புதிதாகக் கட்டியிருந்த சகலையின் மோதிரம் அது. வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, மாமனார் வீட்டு விருந்தில் அந்த வைரம் மினுங்க மினுங்க உட்கார்ந்தார். மூன்று வருடமாக என் இலைக்கே வந்த நல்லி எலும்பு, அன்று என்னைத் தாண்டிப்போய் அவர் இலையில் விழுந்தது.

மனைவியிடம் புலம்பினேன்.

"நீங்களும்தான் சைன்ஸ் வாத்தியாரு. சாக்பீஸுல ஒண்ணு செஞ்சு போட்டுக்கங்க" என்றாள்.

அந்த மோதிரம் போலி என்று நிரூபித்தால் எலும்பு திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டேன். வைரம் என்பது வேறொன்றுமில்லை, கரி. பூமிக்கடியில் பல மைல் ஆழத்தில், பயங்கரச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிப்போன கரி. (என் வயிற்றிலும் அன்று அதே சூடு, அதே அழுத்தம். வெளியே வந்தது ஏப்பம்தான்.) போலிக் கல்லோ வெறும் கண்ணாடி. வாயால் ஊதினால் கண்ணாடியில் ஆவி செத்த நேரம் படிந்து நிற்கும். வைரத்தில் உடனே மறையும். இதை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். வைரத்தைத்தான் கிட்டத்தில் பார்த்ததில்லை.

சாப்பிட்ட அசதியில் சகலை கட்டிலில் தூங்கினார்; மோதிரக் கை கீழே தொங்கியது. மண்டியிட்டு ஊதினேன். ஆவி உடனே மறைந்தது. நியாயஸ்தன் அங்கேயே எழுந்திருப்பான். நான் எட்டாவது முறையும் ஊதினேன். என் மீசை பட்டு அவர் விழித்துக்கொண்டார். அதே நேரம் காப்பியோடு வாசலில் மாமியார்.

"என்னண்ணே பண்றீக?" என்றார் சகலை, கையை இழுத்துக்கொண்டு.

பயத்தில் உண்மையே வந்துவிட்டது.

"கரியான்னு பாத்தேன்."

பேச்சில் ஏது சின்ன ர, பெரிய ற? குழம்பு வாசம் போகாத அந்தக் கையை மாமியார் பார்த்தார். என்னையும் பார்த்தார். கண் கலங்க அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, மூத்த மாப்ளைக்கு கறி பத்தலையாம். கைய மோந்து பாத்துக்கிட்டுக் கெடக்காரு."

அன்றிலிருந்து எந்த விருந்திலும் முதல் நல்லி எனக்குத்தான். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நான் அதை உறிஞ்சி முடிக்கும்வரை, சகலை தன் மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொள்கிறார்.