கீரியின் நூத்தி முப்பத்தேழாம் பக்கம்

ஒரு காட்டுல மாடக்கண்ணுன்னு ஒரு கீரி டீலரா இருந்துச்சு. என்ன டீலர்னு கேக்கறீங்களா? ரெண்டு பேரோட பயத்தை ஒருத்தருக்கொருத்தர் மாத்திவிடற டீலர். பட்டணத்துல இதுக்கு ஸ்வாப்னு பேரு.

உப்பு சுமக்கற கழுதை அம்பலத்துக்கு மழைன்னா பயம். உப்பு கரைஞ்சா அன்னைக்குப் பட்டினி. வைக்கோல்போருல குடியிருக்கற நல்லபாம்பு சங்கிலிக்கு வெயில்னா பயம். மழை இல்லேன்னா தவளை இல்ல, அதுக்கும் பட்டினி. கீரி நடுவுல உக்காந்து பேசி முடிச்சுச்சு. இந்த வாரம் மழை வந்தா, வைக்கோல்ல பாதி கழுதைக்கு. வரலேன்னா, கழுதை பாம்பைச் சுமந்துட்டுப் போய் ஆத்தங்கரையில, தவளைங்க நடுவுல இறக்கிவிடணும்.

"இவரு பேச்சு மாறினா?"ன்னுச்சு கழுதை.

"நான் எதுக்கு இருக்கேன்?"னு ஒதட்டை இறுக்கிக்கிட்டுச் சொல்லுச்சு கீரி. பாம்பு ஒரு முழம் பின்னால போச்சு.

கீரியோட மொத்த முதலீடும் அந்தப் பயந்தான். ஆனா காட்டுல யாருக்கும் தெரியாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. அது வாயில ஒரு பல்லுகூடக் கிடையாது. ரெண்டு வருஷமா கூழுதான். ஒதட்டை இறுக்கினா கோபம்னு எல்லாரும் நெனச்சிக்கிட்டாங்க. பாம்புக்கு மட்டும் தெரிஞ்சா அன்னைக்கே கீரி காலி.

இந்த நேரம் பாத்து சிங்கத்தோட ஆபீஸ்ல இருந்து சுற்றறிக்கை வந்துச்சு. போன வருஷம் ஒரு நரி, டீலர்னு சொல்லிக்கிட்டு முயல்களுக்குள்ள ஒப்பந்தம் போட்டுக் குடுத்துச்சு. வருஷக் கடைசியில ஒப்பந்தம் இருந்துச்சு, முயல்தான் இல்ல. அதனால இனிமே டீலருங்க தங்களோட குறை நிறை எல்லாத்தையும் எழுதி, பார்ட்டிங்க கையில குடுத்து, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பம் வாங்கணும். மறைச்சா புலிக்கூண்டு.

பாரத்துல பதினாலாவது கேள்வி: 'பார்ட்டி பேச்சு மாறினால் அமல்படுத்த டீலரிடம் உள்ள பற்கள் எத்தனை?'

கீரி விழுந்தடிச்சு செக்‌ஷன் ஆபீசர் தேவாங்குகிட்ட ஓடுச்சு.

"ஐயா, இந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுடலாமா?"

"கூடாது."

"உண்மைய எழுதினா பாம்பு என்னைக் கொன்னுடும் ஐயா!"

"அதுக்குத் தனி பாரம் இருக்கு. செத்ததுக்கப்புறம் குடுத்தா போதும், அவசரமில்ல."

கீரிக்கு அழுகையே வந்துருச்சு. தேவாங்குக்கும் மனசு எறங்குச்சு. "எழுதணும்னுதான்யா சட்டம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்னென்ன எழுதக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

கீரி உக்காந்து எழுதுச்சு. தூறல்னா என்ன, சாரல்னா என்ன, மரத்துல தேங்கிச் சொட்டறது மழைக் கணக்குல சேருமா, வால் போகாத தவளை தவளையா இல்லையான்னு மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு பக்கம். நூத்தி முப்பத்தேழாம் பக்கத்துல, ஈரப்பதத்துக்கும் இடிக்கும் நடுவுல, 'டீலருக்குப் பற்கள் இல்லை'ன்னு ஒரு பத்தி. சத்தியமா எழுதியிருந்துச்சு.

கழுதை எல்லாப் பக்கத்துலயும் குளம்பு வெச்சுட்டு, தன் காப்பியை அங்கயே நின்னு தின்னுச்சு.

"எப்படிய்யா இருக்கு?"

"நல்லாருக்கு அண்ணே. பின்னுதான் நாக்குல குத்துது."

பாம்பு விடலை. கண்ணாடி மாட்டிக்கிட்டு, வாலை மையில தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு பக்கமா வெச்சுக்கிட்டே வந்துச்சு. நூத்தி முப்பத்தாறு. நூத்தி முப்பத்தேழு. வால் அப்படியே நின்னுச்சு. கீரிக்கு முதுகு முடியெல்லாம் நட்டுக்கிச்சு.

"யோவ் கீரி, என்னய்யா இது?"

"எ... எதுங்க?"

"இந்தப் பக்கத்துல சீல் விழலையே. நாளைக்கு ஒரு பிரச்னைன்னா யாரு பதில் சொல்றது?"

கீரி சீல் குத்துச்சு. அவசரத்துல ரெண்டு தடவை குத்திருச்சு.

வியாழக்கிழமை மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. கழுதை வெறும் சாக்கோட வந்து நின்னுச்சு. "அண்ணே, உப்பெல்லாம் போச்சு. வீட்டுல குட்டிங்க பசியில கத்துதுங்க. பாம்பு வைக்கோல் தரமாட்டேங்குறாரு."

வேற வழி? கீரி பத்திரக் கட்டைத் தூக்கிக்கிட்டுப் போச்சு. வைக்கோல்போரு மேல பாம்பு படமெடுத்து நின்னுச்சு.

"தவளையும் எனக்கு, வைக்கோலும் எனக்கு. என்னய்யா பண்ணுவே? கடிச்சுத்தான் பாரேன்!"

கீரி திரும்பிப் பாத்துச்சு. ஓடலாம்னா பின்னால கழுதை வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது. கையில இருந்தது கட்டு ஒண்ணுதான். அதையே நீட்டுச்சு.

"பக்கம் நூத்தி முப்பத்தேழு, மூணாவது பத்தி. என் பல்லைப் பத்தித் தெளிவா எழுதியிருக்கேன். படிச்சுட்டுத்தானே வால் வெச்சீங்க?"

பாம்போட படம் கொஞ்சம் சுருங்குச்சு. படிக்கலேன்னு கழுதை முன்னாடி எப்படிச் சொல்றது? அதுவும் கண்ணாடி போட்டுக்கிட்டு?

"படிச்சேன், படிச்சேன். யாரு இல்லேன்னா?"

"படிச்சுமா இந்தப் பேச்சு?"

"அதுக்குன்னு இவ்வளவு கடுமையாவாய்யா எழுதுவாங்க? பொம்பளை புள்ளைங்க இருக்கற வீடு. எடுத்துக்கச் சொல்லு. பாதி என்ன பாதி, முக்காவாசியே எடுத்துக்கச் சொல்லு."

நீதி: உன் குறையை ஒளிச்சு வைக்காதே. பக்கம் நம்பர் போட்டு, சீல் குத்தி, ஒப்பம் வாங்கி வை. ஆள மிரட்ட அதுமாதிரி வராது.