பல் பிடுங்கப் போன இடத்தில் நான் பேசியதற்கு மாத்திரையே பொறுப்பு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு என் கடைவாய்ப்பல்லைத் தவிர அனைவரும் நலம். அங்கும் நலம் என்று உங்கள் மகள், அதாவது என் மருமகள், சொன்னாள், நீங்கள் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் நீங்கள் உட்கார்ந்து உங்கள் சுயசரிதையை வாசித்துக் காட்டும் நாற்காலி இரண்டு ஞாயிறாக இங்கே காலியாகக் கிடக்கிறது. காரணம் தெரியும். விளக்கவே இக்கடிதம்.

பயம் தெளிய ஒரு மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னதாக விழுங்கிவிட்டு, துணைக்கு ஒருவரோடு வரச் சொல்லியிருந்தார் பல் மருத்துவர். நீங்கள் வந்தீர்கள். உங்கள் சுயசரிதையின் கையெழுத்துப் பிரதியோடு வந்தீர்கள். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எதையும் உள்ளே அனுப்ப மாட்டேன். மருந்துக்கடையில் இருக்கும் மருமகளிடம் முன்பே விசாரித்திருந்தேன்.

"மூளையில நரம்புச் செல்லு மேல குட்டிக் குட்டிக் கதவா இருக்கு மாமா. காபான்னு ஒரு ரசாயனம் வந்து ஒட்டினா கதவு திறக்கும், குளோரைடு உள்ள போகும், செல்லு அடங்கிடும்."

"அப்ப மாத்திரைதான் சாவியா?"

"இல்ல. அது அதே கதவுல வேற இடத்துல உட்காரும். தானாத் திறக்காது. காபா வந்தா கதவு இன்னும் அடிக்கடி திறக்கும், அவ்வளவுதான்."

அதாவது வேலை பார்ப்பது காபா. மாத்திரை, பக்கத்தில் நின்று "ம், இன்னொரு தடவை" என்று உசுப்பேற்றும் மச்சான். புரிந்துவிட்டது.

மருத்துவரின் காத்திருப்பு அறையில் நீங்கள் முப்பத்தெட்டாம் அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கியதுமே கதவுகள் படபடவென்று திறப்பது எனக்குக் காதில் கேட்டது, சிரிப்பு வந்தது, அடக்கினேன், அது மூக்கு வழியாக வந்தது, நீங்க தண்ணீர்க் குழாயோட விட்டத்தை விளக்க விளக்க நான் நாற்காலி மேல ஏறி நின்னு, "தீயணைப்பு அதிகாரியோட சுயசரிதைங்கறீங்க, முப்பத்தெட்டு அத்தியாயம் ஆச்சு, ஒரு தீக்குச்சிகூட எரியலையே சம்பந்தி!"ன்னு கத்த, கன்னம் வீங்கிப்போய் எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா வலியை மறந்து கைதட்ட, நான் அவங்களுக்கு ஒரு சலாம் போட்டு, உங்க தாளாலயே விசிறிக்கிட்டு, "ஆனா அந்த ஏழாம் அத்தியாயம்! லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட சின்னப் பொண்ணுக்குக் கதவிடுக்கு வழியா ரெண்டு மணி நேரம் கதை சொன்னீங்களே, அதைக் கேட்டுட்டுக் குளியலறையில போய் அழுதேன்யா!"ன்னு வேற சொல்ல, நீங்க பிரதியைப் பிடுங்கிக்கிட்டுப் போயே போயிட்டீங்க. பல்லும் இல்லாம, துணையும் இல்லாம வீடு வந்து சேர்ந்தேன்.

எல்லாம் அந்த மருந்தின் வேலை. தடை தளர்ந்தால் நாக்கும் தளருமாம். நடந்ததுகூட மறந்து போகலாமாம். எனக்கு ஒரு சொல்லும் மறக்காததுதான் கொஞ்சம் வியப்பு. ஆகவே அன்றைய ஏச்சையும் பாராட்டையும் சேர்த்தே தள்ளுபடி செய்யக் கோருகிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் நூல் நூறு அத்தியாயம் கண்டு தழைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பல் குறைந்த சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், ஆணியில் தொங்கிய அன்றைய சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி, பையில் கிடந்ததென்று ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து வைத்தாள். மருமகள் பார்த்தாள். "இதுதானே மாமா அது? அப்ப நீங்க முழுங்கினது?" விழுங்கியது என் மனைவியின் கால்சியம் மாத்திரை. மேற்கண்ட விளக்கம் முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். தீக்குச்சி பற்றிக் கத்தியது நான்தான். குளியலறையில் அழுததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஏழாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்து வாருங்கள்.