பட்டைச் செடி நலம்

காலையில் கதவைத் திறந்ததும் லிஃப்ட் மெக்கானிக்கின் கண்ணில் பட்டவை, வாசலோரத்துப் பட்டைச் செடியின் அடியில் கொட்டிக் கிடந்த இலைகள்தான். மார்பளவு உயரத்தில் குடைபோலக் கத்தரித்து அழகுக்காக வளர்த்த இலவங்கப்பட்டைச் செடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றியது, பூச்சி பொறுக்கியது எல்லாம் அவர் மனைவி. அவள் இப்போது நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். செடியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது பச்சையாக இருக்கும் என்பது மட்டுமே. இப்போது அதுவும் பொய்யாகிவிட்டது.

மாலையில் பார்க்கப் போனபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னங்க, செடி எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன குறைச்சல்? ஜம்முனு இருக்கு."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிரிவு ஏக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினார். மிச்ச இலைகளும் பழுக்க ஆரம்பித்தன. நர்சரிக்காரரிடம் ஓடினார்.

"வேர் அழுகுது சார். தண்ணிய நிறுத்துங்க. மண்ணு காஞ்சதும் இந்த உரத்துல ஒரு ஸ்பூன் போடுங்க, போதும்."

உயிர் ஊசலாடுகிற நேரத்தில் ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு? இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். இலை நுனியெல்லாம் கருகிப்போயிற்று.

அடுத்த முறை போனபோது ஆயா மனைவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வெயில் இப்படிக் கொளுத்துதே, செடி கொஞ்சம்கூட வாடலையா?" என்றாள் மனைவி.

"வாடுறதா! தளிர் விட்டிருக்கு, சிவப்புச் சிவப்பா. எங்கம்மா இருந்திருந்தா, தான் நட்ட செடி நிக்கிற அழகைப் பார்த்துப் பூரிச்சுப்போயிருப்பாங்க."

கட்டிலருகே இருந்த மிஷின் படபடவென்று அடித்துக்கொண்டது. நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டர் அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

"நீங்க வந்துட்டுப் போனாலே பிரஷர் எகிறுது. அப்படி என்னதான் பேசுறீங்க?"

"செடியைப் பத்தித்தான் டாக்டர். அவ உயிரே அதுலதான் இருக்கு."

"அப்போ நல்லதாவே சொல்லுங்க. சின்ன அதிர்ச்சியைக்கூட அந்த இதயம் தாங்காது."

அவர் நேரே வீட்டுக்கு வந்தார். ஓடாத எதையும் பிரித்துப் போட்டுச் சரிசெய்தே பழகிய கை அது. கருகிய கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசியில் கோல் மாதிரி ஒரு தண்டு நின்றது. அதன்மேல் வெயில் அடித்துத் தோல் வெடித்தது. நிழலுக்கு மாற்றலாம் என்று கடப்பாரையை விட்டு நெம்பினார். ஆணிவேர் மடக்கென்று முறிந்தது.

பட்டைச் செடி பட்ட செடியாயிற்று.

குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஈர மண் வாசனை அடித்தது. அடுத்த குழி யாருக்கு என்ற நினைப்பு வந்ததும் எழுந்து ஓடினார். நர்சரியில், தொட்டியில் தளதளவென்று நின்ற ஒரு பட்டைச் செடியை வாங்கி, நேராக வார்டுக்கே தூக்கிக்கொண்டு போய்க் கட்டில் காலடியில் வைத்தார்.

"பாரு, உனக்காகத் தொட்டிக்கு மாத்திக் கொண்டாந்துட்டேன்!"

மனைவி அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். உதடு துடித்தது.

"இங்கேயும் வந்துடுச்சா?" என்றாள். கண்ணில் தண்ணீர் பொங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று அவர் நெகிழ்ந்துகொண்டிருக்கும்போதே விழிகள் மேலே சொருகின. மிஷின் அலறியது. ஆட்கள் ஓடி வந்தார்கள். செடியும் அவரும் வராந்தாவுக்கு விரட்டப்பட்டார்கள்.

நெடுநேரம் கழித்து டாக்டர் வந்தார். "இப்போதைக்குப் பிழைச்சுட்டாங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா என் கையில இல்லை."

அவர் தொட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்தார். தரை பெருக்கிக்கொண்டு வந்த ஆயா நின்றாள்.

"எழுந்திருங்க ஐயா. அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க."

"எந்த மூஞ்சியோட உள்ளே போவேன் ஆயா? இது வேற செடி. அவ கண்ணுக்குக் கண்ணா வளர்த்தது செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். இதை அவகிட்ட எப்படிச் சொல்வேன்?"

ஆயா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஐயோ, அதை முதல்ல உள்ளே போய்ச் சொல்லுங்கய்யா! 'மாமியாரும் போயாச்சு, அவங்க நட்ட அந்தச் சனியன் மட்டும் பட்டுப்போக மாட்டேங்குதே'ன்னுதானே அந்தம்மா தினமும் என்கிட்ட அழுவுறாங்க!"