ஆற்றிலை அட்டை

முத்தாரநாட்டின் வடக்கே ஒரு மலை இருந்தது. அதன் உச்சியை மேகமில்லாமல் பார்த்தவர் யாருமில்லை. அந்த மலைச்சரிவில் ஆற்றிலை என்றொரு செடி, யாரும் விதைக்காமலே ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. வலியை ஆற்றுவதால் அதற்கு அந்தப் பெயர். வலிப்பில் துடிக்கும் உடம்பை அது அடக்கும். போரில் காலிழந்தவனைத் தூங்கவைக்கும். அளவு மீறினால் தலை கிறுகிறுத்து, மனிதன் மனதில் பட்டதை உரக்கச் சொல்லிவிடுவான். இதற்கு அஞ்சித்தான் பழைய அரசர்கள் அந்தச் செடியை எவரும் தொடக்கூடாது என்று தடுத்துவைத்திருந்தார்கள்.

மகுடவர்மர் அரியணை ஏறியதும் தடையை நீக்கினார். நோயுற்றோர் எல்லோருக்கும் ஆற்றிலை கிடைக்கும், அதற்கென ஓர் அட்டை வழங்கப்படும் என்று முரசறைந்தார்கள். அட்டை வழங்குவதற்காக வெள்ளைக் கல்லில் ஒரு கருணை மண்டபம் எழும்பியது. அதன் படிகளில் நின்று மேலே பார்த்தால் கழுத்து வலிக்கும். மண்டபத்தின் நடுவே, கண்ணாடிப் பேழைக்குள், மாதிரி அட்டை ஒன்றை வைத்தார்கள். பொன்விளிம்பு, அரச முத்திரை, முத்திரைக்குக் கீழே ஒரு பச்சை இலை. நாடெங்கிலுமிருந்து வந்த மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள்.

அப்படிக் கும்பிட்டவர்களில் குவளையும் ஒருத்தி. தலைநகரைச் சுற்றி ஓடும் மணியாற்றில் ஓடம் விடுபவள். அவள் மகள் நித்திலத்துக்கு ஏழு வயது. நாளில் பல தடவை அந்தக் குழந்தைக்கு வலிப்பு வரும். கண்கள் மேலே செருகி, பல் கிட்டி, கைகால்கள் வெட்டி இழுக்கும். ஓடத்தில் இருக்கும்போது வந்தால் விழுந்துவிடக்கூடாது என்று, தன் இடுப்புக்கும் மகள் இடுப்புக்கும் ஒரு துணியை முடிந்துகொண்டுதான் குவளை துடுப்புப் போட்டாள்.

கருணைத்துறை அமைச்சர் வச்சிரவேலனார் உயர்ந்த பீடத்தில் அமர்ந்திருந்தார். மனுக்களை அவரே நேரில் விசாரித்தார்.

"குழந்தையின் வயது?"

"ஏழுங்க ஐயா."

"அட்டை பெற இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும்."

"வலிப்பு வயசு பாத்தா வருதுங்க ஐயா?"

அமைச்சர் கோபப்படவில்லை. "நியாயமான கேள்வி," என்றார். "நோய்களுக்கு வயது வரம்பு விதிப்பது பற்றி ஆராய அரசு ஏற்கெனவே ஒரு குழு அமைத்திருக்கிறது. அதன் பரிந்துரை வந்ததும் நோய்கள் முறைப்படி நடந்துகொள்ளும்."

குவளை மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் வில்லவன் என்ற முதியவர் உட்கார்ந்திருந்தார். எல்லைப் போரில் ஒரு காலை இழந்த படைவீரர். இல்லாத அந்தக் காலில்தான் அவருக்கு வலி.

"என்ன தாயி, வயசு பத்தலையாமா?" என்றார். "எனக்குக் கூடிப்போச்சாம். அறுபதுக்கு மேல போனவங்களுக்கு வலி பழகியிருக்குமாம்."

"பழகிருச்சா உங்களுக்கு?"

"எங்க பழகுது? தெனமும் புதுசாத்தான் வருது."

குழந்தைகளின் தாய்மார்கள் அழுத அழுகை அரண்மனைவரை கேட்டது. அரசர் மனம் இரங்கினார். வயது வராதவர்களுக்காகப் பாதுகாவலர் ஒருவர் அட்டை பெறலாம் என்று புதிய ஆணை வந்தது. குவளை ஓடத்தைக் கரையில் கட்டிவிட்டு ஓடினாள்.

"பாதுகாவலர் நீதானா?"

"ஆமாங்க ஐயா, பெத்தவ."

"உனக்கு வலிப்பு உண்டா?"

"இல்லீங்க."

"அப்படியானால் நீ பாதுகாவலராக முடியாது. ஒருவரைக் காப்பவருக்கும் அதே நோய் இருக்க வேண்டும். பிறர் வலி அறியாதவர் எப்படிப் பாதுகாவலர் ஆவார்? ஆணையின் உயிர்நாடியே இந்த வரிதான். எழுதும்போது என் கண்கள் கலங்கின."

மண்டபத்திலிருந்த அதிகாரிகள் மெய்மறந்து தலையாட்டினார்கள். உண்மையில் அது அழகான வரி. குவளைக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது.

அடுத்த ஆணை, நோயை மெய்ப்பிப்பது பற்றியது. அதிகாரி முன்னிலையில், அலுவல் நேரத்தில், நோய் வெளிப்பட வேண்டும். அன்றுமுதல் நோயாளிகள் படிகளிலேயே தங்கத் தொடங்கினார்கள். ஒரு நண்பகல் நித்திலத்துக்குப் படியிலேயே வலிப்பு வந்தது. குவளை கதவைத் தட்டினாள். வில்லவன் ஊன்றுகோலால் தட்டினார். உள்ளே உணவு இடைவேளை. கதவு திறந்தபோது குழந்தை களைத்துப்போய் தாயின் மடியில் கண்விழித்துக் கிடந்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். "பிள்ளை நலமாகத்தானே இருக்கிறது? மகிழ்ச்சி," என்று எழுதிக்கொண்டார்.

இந்த முறையில் அந்த ஆண்டு அட்டை பெற்றது அரண்மனை யானை மட்டுமே. வயது முப்பது, மதம் பிடித்தது அமைச்சர் கண்ணெதிரே, முற்பகலில்.

வரிசை ஊரைச் சுற்றி வளைந்தது. நின்றுகொண்டே வயது வரம்பை எட்டிவிடலாம் என்று சிலர் நினைப்பதாக ஒற்றர்கள் சொல்ல, வரிசையில் காத்திருக்கும் காலம் வயதில் சேராது என்று ஆணை வந்தது. காத்திருப்பது வாழ்வது ஆகாது என்பது அதற்குக் காரணம்.

"அப்ப இங்கயே நின்னா எனக்குச் சாவே வராதா?" என்று வில்லவன் கேட்டார்.

"சட்டப்படி வராது," என்றார் அதிகாரி.

ஆனால் ஒரு காலை வில்லவன் எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தின மாலைதான் அவர் குவளையிடம் பேசியிருந்தார். "போர்ல எங்களுக்குத் திருட்டுத்தனமாக் குடுப்பாங்க தாயி. சின்னப் பிள்ளைன்னா ரெண்டே எலை. பால்ல கொதிக்கவச்சு, வடிகட்டி, ஒரு பாலாடை அளவு ஊட்டணும். அதுக்கு மேல குடுத்துராத. எப்பவாச்சும் கைக்குக் கெடச்சா மறந்துராத." குவளைதான் அவரை ஓடத்தில் ஏற்றி அக்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனாள். சட்டப்படி அவர் உயிரோடிருந்ததால் வரிசையில் அவருடைய இடத்தை யாரும் நிரப்பவில்லை.

அந்த ஆண்டு மலையில் ஆற்றிலை என்றுமில்லாத அளவு விளைந்தது. அறுத்தார்கள், உலர்த்தினார்கள், களஞ்சியங்களை நிரப்பினார்கள். யானை ஒன்றால் எவ்வளவு தின்ன முடியும்? புது விளைச்சலுக்கு இடம் வேண்டியிருந்தது. பழையதை மணியாற்றில் கொட்டும்படி மேலிடத்து உத்தரவு வந்தது.

விடிந்து குவளை ஓடத்தை அவிழ்த்தபோது ஆற்றைக் காணவில்லை. கரையிலிருந்து கரைவரை பச்சை. ஒரு மலையே படுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்து போவதுபோல் இருந்தது. நனைந்த இலைகளின் மணம் நெஞ்சுவரை இறங்கியது. அவள் துடுப்பைப் போடாமல் நின்றாள். எத்தனை படிகள், எத்தனை கதவுகள், எத்தனை ஆணைகள்! அத்தனையையும் தாண்டி அது தானாக அவள் ஓடத்தை வந்து உரசிக்கொண்டிருந்தது. கையை நீட்டினாள். யாரும் வயது கேட்கவில்லை.

இரண்டே இலை. பால், வடிகட்டல், ஒரு பாலாடை. நித்திலம் முகத்தைச் சுளித்துக் குடித்தாள். குவளை முடிந்த துணியை அவிழ்க்காமல் பக்கத்திலேயே இருந்தாள். முற்பகல் போனது. உச்சிவெயில் சாய்ந்தது. குழந்தையின் கைகள் ஒருமுறைகூட வெட்டவில்லை. பொழுது சாயும்போது நித்திலம், "அம்மா, அந்தக் கொக்கு ரொம்ப நேரமா ஒத்தக் கால்லயே நிக்குது," என்றாள். எதையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் குழந்தையால் அதுவரை முடிந்ததே இல்லை. குவளை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

படிகளில் கிடந்தவர்களுக்கு அவள் சொன்னாள். அளவையும் சேர்த்தே சொன்னாள். வரிசை சத்தமில்லாமல் ஆற்றங்கரைக்கு நகர்ந்தது.

மண்டபம் வெறிச்சோடியதைக் கண்ட வச்சிரவேலனார் அரசரிடம் விரைந்தார். "மன்னர் மன்னா! நாட்டில் நோயே இல்லை. ஓர் அட்டைகூட மனிதருக்கு வழங்காமல் நோயை ஒழித்திருக்கிறோம். உலகில் வேறு எந்த அரசும் செய்யாத சாதனை!"

விழா எடுத்தார்கள். அரண்மனை முற்றம் முழுக்க மக்கள். குணமான குழந்தை ஒன்றை மேடையில் காட்ட வேண்டும் என்பதால் நித்திலத்தையும் தாயையும் அழைத்து வந்திருந்தார்கள். ஆறு என்ற சொல் வாயில் வந்துவிட்டால் நாளை ஆற்றுக்கும் காவல் போட்டுவிடுவார்கள். சொல்லக்கூடாது என்று குவளை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கட்டியக்காரர் முழங்கினார். "ஏழு கடல் அதிபதி! எதிரிகளின் இடி! மக்களின் ஒரே பாதுகாவலர், மகுடவர்மர் பராக்!"

குவளை சட்டென்று நிமிர்ந்தாள்.

அரசர் குழந்தையின் தலையைத் தொட்டார். அவர் கெட்டவர் அல்ல. குழந்தையைப் பார்த்ததில் அவருக்கு உண்மையான மகிழ்ச்சி. "என்ன வேண்டுமோ கேள் அம்மா."

"ராசா, எனக்குன்னு ஒண்ணும் வேணாம். வயசு வராத பிள்ளைங்களுக்குப் பாதுகாவலர் அட்டை வாங்கலாம்னு சொன்னாங்க. எங்க எல்லாருக்கும் நீங்கதான் பாதுகாவலர்னு இப்ப இவரு சத்தமாச் சொன்னாரு. உங்க பேர்ல ஒரே ஒரு அட்டை போட்டுக் குடுத்துருங்க. நாட்டுல இருக்குற பிள்ளைங்க எல்லாம் அதுல வாங்கிக்கும்."

இவ்வளவு எளிய வழி இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையே என்று அரசர் வியந்தார். "அட்டை எழுதுங்கள்!" என்றார்.

வச்சிரவேலனார் அசையவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. "மன்னிக்க வேண்டும் மன்னா. பாதுகாவலருக்கு… அதே நோய் இருக்க வேண்டும். ஆணை."

"எனக்கு எந்த நோயும் இல்லையே," என்றார் அரசர்.

"பசி?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அரசர் யோசித்துப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார்.

"கால் வலி? காத்துக் கெடந்த வலி?" இன்னொரு குரல்.

அதுவும் இல்லை. அரசர் ஒவ்வொன்றுக்கும் நேர்மையாகவே தலையசைத்தார். குரல்கள் பெருகப் பெருக அந்தத் தலை அசைந்துகொண்டே இருந்தது. அப்படி ஒரு காட்சியை அந்நாடு அதற்குமுன் கண்டதில்லை.

அன்று மாலை அமைச்சரவை கூடியது. ஆணையைத் திருத்துவதா என்று நெடுநேரம் ஆலோசித்தார்கள். மறுநாள் காலை முரசு ஒலித்தது. அரசரின் பட்டங்களில் 'மக்களின் பாதுகாவலர்' என்பது மட்டும் இன்றுமுதல் நீக்கப்படுகிறது, மற்றவை தொடரும்.

குவளை அப்போது நடு ஆற்றில் இருந்தாள். ஓடம் நிறைய ஆட்கள். முரசறைபவன் கரையில் நின்று இரண்டாம் முறையும் தெளிவாகப் படித்தான். ஓடத்திலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பதவி காலியாகத்தான் இருக்கிறது என்பதை அவர்களுக்கு அரசே எழுத்து மூலம் அறிவித்தது அதுவே முதல் தடவை.