சித்திரத்தறைக்கு இனி என் கார் வராது

கஞ்சிக்கோடு
12-2-1973

மதிப்புக்குரிய மச்சான் செல்லத்துரை அவர்களுக்கு, மருதாத்தாள் புருஷன் வெங்கிடாசலம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கையும் கறவை மாடுகளும் நலம். கார் மட்டும் நலமில்லை. அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

பீளமேடு விமான நிலையத்தில் நீங்கள் பிடித்துக் கொடுத்த சவாரிகளில் இதுவரை நான் குறை சொன்னதில்லை. போன வியாழக்கிழமை ஏற்றிவிட்டீர்களே, கல்கத்தாப் பெரியவர், அவரும் பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தார். சர்க்கார் அனுப்பிய ஓவியர், சித்திரத்தறையில் இறக்கிவிட்டு மறுநாள் காலை விமானத்துக்குத் திரும்பக் கொண்டுவா என்றீர்கள். தலைமுறை தலைமுறையாகச் சித்திரக்காரர்கள் வாழும் ஊர் அது. கோயில் மண்டபத்துச் சுவர் முழுக்க அவர்கள் முன்னோர் எழுதிய படங்கள். கூரை ஒழுகிச் சுவர் ஊறிக்கொண்டிருக்கிறது. இவர் பார்த்து எழுதினால்தான் சர்க்கார் கூரை போடும். மண்டபத்தில் கரண்டு கிடையாது, வெளிச்சம் இருக்கும்போதே கூட்டி வந்துவிடு என்று ஊர்ப் பெரியவர் அச்சுதன் ஆசான் முந்தின நாளே ஊட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மதுக்கரை தாண்டியதும் பெரியவர் "ரோக்கோ" என்றார். எனக்கு இந்தி தெரியுங்களா? வேகம் போதவில்லை என்கிறார் போல என்று மிதித்தேன். "ரோக்கோ, ரோக்கோ!" இன்னும் மிதித்தேன். கடைசியில் மனுசன் ஓடுற காரில் கதவைத் திறந்துபோட்டாருங்க. நிறுத்துன்னு அர்த்தமாம்! நிறுத்தின இடம் கேரள எல்லை, வாளையார் செக்போஸ்ட். சிமெண்டு லாரிக வரிசையா நிக்குது. இவரு ஒரு முக்காலியை விரிச்சு உக்காந்து, லாரிக்கடியில தூங்குற கிளீனரைப் படம் போட ஆரம்பிச்சுட்டாரு. ஆபீசர் ஓடி வந்து, "எந்தா வரைக்குன்னது? செக்போஸ்டோ?"ன்னு காகிதத்தைப் பிடுங்கி, வேவு பாக்க வந்த ஆளுகன்னு ரெண்டு பேரையும் உள்ளே உக்கார வெச்சுப்போட்டாரு. பெரியவரு கோபப்படலீங்க. இன்னொரு தாளை எடுத்து அந்த ஆபீசரையே வரைஞ்சு நீட்டினாரு. மீசை அப்படியே இருந்துச்சு. விட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க மச்சான், அங்கே இருந்த அத்தனை பேரும் தலையைச் சீவிக்கிட்டு வரிசையில நின்னுட்டாங்க!

சித்திரத்தறை போய்ச் சேரும்போது பொழுது விழுந்துபோச்சு. வரவேற்க வந்த செண்டைக்காரங்க செண்டை மேலயே தலை வெச்சுத் தூங்குறாங்க. ஆசான் என்னைத்தான் பாத்தாரு. "இனி இருட்டில எந்து காணும், வெங்கிடாசலம்?" அவ்வளவுதான் கேட்டாரு. திட்டியிருந்தாலும் தேவலைங்க. என்ன தோணுச்சோ, காரை மண்டபப் படியில ஏத்தி நிறுத்தி முன்விளக்கு ரெண்டையும் போட்டேன். மச்சான், சுவத்துல ஒரு யானை எந்திரிச்சு நின்னுச்சு பாருங்க! இத்தனை வருசமா அந்த ஊருக்குப் போறேன், ஒரு நாள் உள்ளே எட்டிப் பாத்ததில்லை. பெரியவரு சுவரோரமா நடக்க நடக்க, ஊர்ச் சனம் காரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளித் திருப்புது. எல்லாம் பாத்து முடிச்சு, பெரியவரு ஆசானோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. கூரை வரும்னு அவரு இங்கிலீசுல சொன்னது எனக்கே புரிஞ்சுது. ஆசான் அழுதுட்டாருங்க.

ஊருக்குக் கூரை வரும், சரி. எனக்கு என்ன வந்துச்சு? பேட்டரி செத்துப்போச்சு. பம்பர் படியில மாட்டிக் கழண்டுக்கிச்சு. தள்ளின உற்சாகத்துல பின்கதவு நெளிஞ்சுபோச்சு. மறுநாள் பெரியவரை சிமெண்டு லாரியிலதான் அனுப்பினேன். அவரு எந்தக் கோலத்துல விமானம் ஏறினாருன்னு நீங்களே பாத்தீங்க. உங்க தங்கச்சி என்னோட பேசறதில்லை. சொல்ல வேண்டியதை மாட்டுக்கிட்டச் சொல்றா, எனக்குக் கேக்குற மாதிரி.

ஆகையால் மச்சான், விமான நிலையத்துச் சவாரி எனக்கு இனி வேண்டாம். கல்யாணம், ஆஸ்பத்திரி, பழனி, இவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓவியர் யார் வந்தாலும் வேறு காரில் ஏற்றிவிடுங்கள். இது முடிவு.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளை மாரியாத்தா நோய்நொடியில்லாமல் வைக்கட்டும்.

தங்கள்,
வெங்கிடாசலம்

பி.கு.: இன்னும் மூன்று ஓவியர்கள் நாளைக் காலை விமானத்தில் வருவதாக ஆசானுக்குத் தந்தி வந்திருக்கிறது. ஆகவே இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. இரவல் பேட்டரி போட்டுக்கொண்டு பீளமேட்டுக்கு வரும்போது நானே கையில் தருகிறேன். அவங்களை ஏத்திக்கிட்டு நான் கிளம்பினப்புறம் படிங்க.