கார்டுக்கு வந்த காய்ச்சல்

அன்று மாலை ஏழு மணிக்கு ஃபைனல் மேட்ச்சை வீட்டு டிவியில் பார்த்தே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், கூட வேலை பார்க்கும் மூன்று பேரை வேறு அழைத்துத் தொலைத்தார். "என் வீடு, என் டிவி. யார் கேப்பாங்க?" என்று மார்தட்டியும் விட்டார்.

கேட்பதற்கு வீட்டில் ஒருத்தி இருந்தாள். ஏழிலிருந்து ஒன்பது வரை டிவி அவளுடைய சீரியல்களுக்கு. கல்யாணமான நாளிலிருந்து மாறாத சட்டம் அது.

டிவிக்குக் கீழே இருந்த சின்னப் பெட்டிக்கு இரண்டு முகம். மெமரி கார்டைச் செருகினால் அவர் பக்கம் திறக்கும். மேட்ச் சேனல் எல்லாம் அதில்தான். கார்டை உருவினால் அவள் பக்கம், சீரியல் சாம்ராஜ்யம். இப்படிப் பிரித்து வைத்ததும் அவரே. பங்கு பிரித்தால் சண்டை வராது என்று நம்பிய அப்பாவி.

மத்தியானமே வேலையைத் தொடங்கினார். நல்ல கார்டைச் சட்டைப் பையில் ஒளித்தார். பழைய செல்போனில் கிடந்த செத்த கார்டைப் பெட்டிக்குள் தள்ளினார். பெட்டி லோகோவைக் காட்டிவிட்டு முழித்துக்கொண்டு நின்றது. இவர் கார்டை ஊதினார், பனியனில் துடைத்தார், வயரைப் பிடுங்கிச் செருகினார், பெட்டியைக் குப்புறப் போட்டு முதுகில் இரண்டு தட்டும் தட்டினார்.

"என்னங்க ஆச்சு?"

"கார்டு போச்சு."

"போனா என்ன? கார்டை உருவினா என் பக்கம் வரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அது கார்டு நல்லா இருந்தப்போ. இப்போ கார்டுக்கு வந்த காய்ச்சல் பெட்டிக்கும் தொத்திக்கிச்சு."

"அடப்பாவமே! மாத்திரை ஏதாச்சும்?"

"கிண்டல் பண்ணாதே. சரி பண்ணப் பத்து மணி ஆயிடும். உங்க அக்கா வீடு அடுத்த தெருதானே? அங்க போய் நிம்மதியா சீரியல் பாரு. நான் இங்க கிடந்து கஷ்டப்படறேன்."

"பாவம் நீங்க" என்றாள். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு நெஞ்சு உறுத்தியது. ஒரு நிமிஷம்தான். ஆறரை மணிக்குச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

பாட்டோடு வெளியே வந்தபோது மனைவி கிளம்பியிருந்தாள். டிவிக்குக் கீழே இரண்டு வயர் தொங்கின. பெட்டியைக் காணோம். சோபாவுக்கு அடியில் தேடினார், அலமாரியில் தேடினார், அரிசி டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார். மணி ஏழானது. வருகிறவர்களிடம் எந்த முகத்தைக் காட்டுவது?

செல்போன் அடித்தது.

"என்னங்க, அக்கா வீட்டுப் பெட்டி போன வாரமே புகைஞ்சு போச்சு. அதான் நம்மளதைக் கொண்டுவந்தேன். மாமா அந்தக் கார்டை உருவினாரு, அவ்வளவுதான், ஜம்முனு ஓடுது!"

"ஐயோ, உடனே கொண்டா! இங்க ஆளுங்க வருவாங்க!"

"அந்த மூணு பேரா? தெருமுனையில நம்ம வீட்டுக்கு வழி கேட்டுட்டு நின்னாங்க. மேட்ச் பாக்கணுமாம். பெட்டி இருக்கிற இடத்துக்கே கூட்டிட்டு வந்துட்டேன். இப்போ எங்களோட உக்காந்து சீரியல் பாக்கறாங்க. நீங்களும் வாங்க. ஒன்பது மணிக்குச் சீரியல் முடிஞ்சிடும். அதுக்குள்ள உங்க சட்டைப் பையில இருக்கிற கார்டுக்குக் குணமாயிடும்ல?"